இணையப் பக்கத்தின் மொழி அறிவிப்பும் தமிழ்த் தேடலும்: பன்மொழித் தளங்களையும் நூலகப் பட்டியல்களையும் முன்வைத்து

முன்னுரை

தமிழர் வாழும் பிற நாடுகளில் இயங்கும் கல்வி நிறுவனங்கள், நூலகங்கள், பண்பாட்டு அமைப்புகள் ஆகியவற்றின் இணையத்தளங்கள் பெரும்பாலும் பன்மொழித் தளங்களே. ஒரு பக்கம் இன்ன மொழியில் எழுதப்பட்டுள்ளது என்று கணினிக்கு அறிவிக்கும் வழி எச்.டி.எம்.எல். மொழியிலேயே உண்டு. அவ்வறிவிப்பைச் சேர்த்துவிட்டால் தேடுபொறிகள் தமிழ்ப் பக்கத்தை இனங்கண்டு உரியவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் என்னும் நம்பிக்கை தளம் அமைப்போரிடையே பரவலாக உள்ளது. கூகுளைப் பொறுத்தவரை இந்நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அதனால் அறிவிப்பே தேவையற்றது என்று கொள்வாரும் உளர். அது முன்னதினும் தீங்கானது. அவ்வறிவிப்பைப் படிப்பவை வேறு உள; அவற்றுள் சில, கண்பார்வையற்ற தமிழ் வாசகருக்கும் உரைக்கும் இடையே நிற்கும் ஒரே வாயில்.

தேடலுக்கு உதவுவது எது, அறிவிப்பு உதவுவது எதற்கு என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தொழில்நுட்பக் குறியீடுகள் யாவும் உரோமன் எழுத்தில் அமைந்தவை. இங்கு அவற்றைத் தமிழ் ஒலிப்பில் தருகிறேன்.

அறிவிப்பின் இயல்பு

வலைப்பக்கத்தின் முதற்குறியாகிய ‘எச்டிஎம்எல்’ என்பதனுள் ‘லாங்’ என்னும் பண்புக்கூறு இடப்படுகிறது. அதன் மதிப்பாக மொழிக்குறியீடு அமைகிறது, தமிழுக்கு ‘டிஏ’. தொடக்கத்தில் எச்.டி.எம்.எல். மொழிக்கு இப்பண்புக்கூறு இருக்கவில்லை. மேற்கு ஐரோப்பிய எழுத்துகளையே கருத்திற்கொண்டு உருவான அம்மொழியைப் பிற மொழிகளுக்கும் ஏற்றதாக்கும் முயற்சியில் 1997 சனவரியில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2070 ஆவணம் இதனை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த எச்.டி.எம்.எல். 4.0 இதனை ஏற்றுக்கொண்டது.

இதன் இயல்பு மரபுரிமை. முதற்குறியில் அறிவித்த மொழி உள்ளே வரும் பத்திகள், தலைப்புகள், அட்டவணைகள் அனைத்துக்கும் இறங்கும். இடையில் ஒரு பத்தியோ ஒரு சொல்லோ வேறு மொழியினதாயின், அதனைச் சூழும் குறியில் வேறு அறிவிப்பு இடவேண்டும். அந்த எல்லை முடிந்ததும் பழைய மொழி மீளும். ஆகவே ஒரே பக்கத்தில் பல மொழிகள் இருக்கலாம். ஆயின் ஒரு சொற்றொடருக்கு ஒரு நேரத்தில் ஒரு மொழியே இருக்கலாம்.

தமிழியல் தளங்களில் அடிக்கடி காணும் குழப்பம் ஒன்றை இங்கே சுட்டவேண்டும். பக்கம் எம்மொழியில் எழுதப்பட்டது, எம்மொழி பேசுவோருக்காக எழுதப்பட்டது, எம்மொழியைப் பற்றி எழுதப்பட்டது என்பன மூன்று வெவ்வேறு வினாக்கள். செருமன் மொழியில் எழுதப்பட்ட தமிழ் இலக்கணப் பாடம் ஒன்று செருமன் பக்கமே. தொல்காப்பியம் குறித்த ஆங்கிலக் கட்டுரை ஆங்கிலப் பக்கமே. அதில் தமிழெழுத்தில் எடுத்தாளப்பட்ட நூற்பாக்கள் மட்டும் தமிழ். பொருள் தமிழாக இருப்பதால் பக்கம் முழுவதையும் தமிழ் என அறிவிப்பது அன்பின் மிகுதியால் நேர்வது போலும். விளைவு மட்டும் தவறானது. ‘லாங்’ பண்புக்கூறு முதல் வினாவுக்கு மட்டுமே விடை கூறும். இரண்டாம் வினாவுக்குரியது, வழங்கி அனுப்பும் ‘கன்டென்ட்-லாங்குவேஜ்’ என்னும் தலைப்புக்குறிப்பு. அதில் பல மொழிகளை அடுக்கலாம். ஆனால் அவ்வாறு அடுக்கினால், பக்கத்தில் வேறு அறிவிப்பு இல்லாதபோது, உலாவி அதன் உரைமொழியை அறியப்படாதது என்றே கொள்ளவேண்டும் என்பது விதி.

குறியீடுகளும் அவற்றின் பொறிகளும்

மொழிக்குறியீட்டின் இலக்கணத்தை இன்று வகுப்பது 2009இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5646. இரண்டெழுத்துக் குறியீடு உள்ள மொழிக்கு அதனையே பயன்படுத்தவேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. எனவே நூலகத்தார் நன்கறிந்த ‘டிஏஎம்’ என்னும் மூன்றெழுத்துக் குறியீடு வலைப்பக்கத்துக்கு உரியதன்று. ‘டிஏ’ என்பதே சரி.

மொழிக்குறியீட்டின் பின் நாட்டுக்குறியீட்டைச் சேர்க்கலாம். ‘டிஏ-எல்கே’ என்பது இலங்கைத் தமிழ். ‘டிஏ-எஸ்ஜி’ சிங்கப்பூர்த் தமிழ். ‘டிஏ-எம்ஒய்’ மலேசியத் தமிழ். மென்பொருள்கள் நாள், நேரம், எண் ஆகியவற்றை வடிவமைக்கப் பயன்படுத்தும் யூனிகோடு சேர்த்தியத்தின் வட்டாரத் தரவுகளில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நான்கு வட்டாரங்கள் உள்ளன. கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ தனித் தமிழ் வட்டாரம் இல்லை. நாட்டு வேறுபாடு பக்கத்தில் உண்மையாகவே உள்ளபோது மட்டும் நாட்டைக் குறித்தல் நன்று. மற்றபடி ‘டிஏ’ போதும்.

நாட்டுக்குறியீட்டையே மொழிக்குறியீடாக இட்டுவிடுவது பிறநாட்டுத் தமிழ்த் தளங்களில் நேரக்கூடிய வழு. விளைவு விந்தையானது. மலேசியாவின் குறியீடாகிய ‘எம்ஒய்’, மொழியின் இடத்தில் நின்றால் பர்மிய மொழியைக் குறிக்கும். மலாய் மொழிக்குரியது ‘எம்எஸ்’. கனடாவின் ‘சிஏ’ மொழியிடத்தில் கத்தலான் ஆகும். சிங்கப்பூரின் ‘எஸ்ஜி’ மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் வழங்கும் சாங்கோ மொழியாகிவிடும். சுவிட்சர்லாந்தின் ‘சிஎச்’ பசிபிக் பெருங்கடல் தீவுகளின் சமோரோ மொழி. இவற்றுள் எதுவும் இலக்கணப் பிழையன்று என்பதால் பிழைதிருத்தும் கருவிகள் வாய் திறவா.

எழுத்தும் மொழியும் வேறு என்பதைத் தமிழியலாருக்கு விளக்கவேண்டியதில்லை. குறியீட்டு முறையும் இவ்வேறுபாட்டை அறியும். உரோமன் எழுத்தில் எழுதிய தமிழுக்கு ‘டிஏ-லாட்ன்’. அரபுத்தமிழ் நூல்களுக்கு ‘டிஏ-அராப்’. தமிழ் எழுத்தில் அச்சிட்ட வடமொழித் தோத்திரங்களுக்கு ‘எஸ்ஏ-டிஏஎம்எல்’. தமிழெழுத்தில் எழுதிய சௌராட்டிரத்துக்கு ‘எஸ்ஏஇசட்-டிஏஎம்எல்’. தமிழைத் தமிழெழுத்தில் எழுதும்போது எழுத்தைக் குறிக்கவேண்டியதில்லை என்று குறியீட்டுப் பதிவேடே கூறுகிறது. சங்க இலக்கிய மொழிக்குப் பழந்தமிழ் என்னும் பெயரில் ‘ஓடிஒய்’ என்ற தனிக் குறியீடு உண்டு. ஆய்வுத்தரவகங்களின் உட்குறிப்புக்கு அது பயன்படலாம். பொதுமக்கள் படிக்கும் பக்கத்தில் அதனை இடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒலிவடிவக் கருவிகளும் எழுத்துருத் தேர்வும் ‘டிஏ’ என்பதை எதிர்பார்த்தே அமைக்கப்பட்டுள்ளன. குறுந்தொகையை இன்றைய தமிழர் இன்றைய நாவினால்தான் படிக்கிறோம்.

தேடுபொறி எதனைப் படிக்கிறது

கூகுள் தன் வழிகாட்டுக் குறிப்புகளில் இதனை ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது: பக்கத்தின் மொழியை அது கண்ணுக்குப் புலனாகும் உள்ளடக்கத்தைக் கொண்டே தீர்மானிக்கிறது, ‘லாங்’ முதலிய குறிநிலைத் தகவல்களையோ முகவரியையோ அதற்குப் பயன்படுத்துவதில்லை. காரணம் அறிய அரிதன்று. ஆங்கில வார்ப்புருவைப் படியெடுத்துத் தமிழ் உரையை நிரப்புவோர் முதற்குறியில் உள்ள ‘இஎன்’ என்பதை மாற்ற மறந்துவிடுவர். இத்தகைய பக்கங்கள் உலகெங்கும் மலிந்துள்ளன. நம்பத்தகாத சான்றைத் தேடுபொறி ஒதுக்கிவிட்டது. மைக்ரோசாஃப்டின் பிங் இவ்வகையில் மாறுபட்டது. பக்கத் தலைப்பகுதியில் ‘கன்டென்ட்-லாங்குவேஜ்’ குறிப்பை இடுமாறு 2011இல் அது அறிவுறுத்தியது. இவ்வாறு குறிப்பதை எச்.டி.எம்.எல். தரநிலை இன்று ஏற்பதில்லை. ‘லாங்’ பண்புக்கூற்றையே பயன்படுத்துமாறு கூறுகிறது.

உள்ளடக்கத்தைக் கொண்டு மொழியை அறிதல் தமிழுக்கு எளிது. உரோமன் எழுத்தில் ஒரு சொற்றொடரைக் கண்டால் அது இசுப்பானியமா போர்த்துக்கேயமா என்று கணக்கிடவேண்டும். தேவநாகரியைக் கண்டால் இந்தியா, மராத்தியா, நேபாளியா என்று பார்க்கவேண்டும். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களுள் அமைந்த எழுத்துகளைக் கண்டால், மேற்சொன்ன சில விலக்குகள் நீங்கலாக, அது தமிழே. அதாவது தமிழெழுத்தே தமிழின் அறிவிப்பு. நமக்குக் கிடைத்த இந்நற்பேற்றைப் பன்மொழித் தளங்கள் மூன்று வழிகளில் வீணாக்குகின்றன.

முதலாவது, பொத்தானால் மொழி மாற்றுதல். ஒரே முகவரியில் பக்கம் ஆங்கிலத்தில் திறக்கிறது. மேல்மூலையில் ‘தமிழ்’ என்னும் பொத்தானை அழுத்தினால் அதே முகவரியில் உரை தமிழாகிறது. வாசகரின் விருப்பம் உலாவியின் நினைவுக்கோப்பில் சேமிக்கப்படுகிறது. மனிதருக்கு இது வசதியே. கூகுளின் ஊர்தி நிரல் பொத்தானை அழுத்துவதில்லை; விருப்ப மொழி எதனையும் அறிவிக்காமலே பக்கத்தைக் கேட்கிறது; பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அதற்குக் கிடைப்பது ஆங்கிலப் பக்கம் மட்டுமே. மொழிபெயர்ப்பாளர் பல மாதம் உழைத்து உருவாக்கிய தமிழ்ப் பக்கங்கள் தேடலைப் பொறுத்தவரை இல்லாதவையாகின்றன. பிறநாட்டுத் தமிழ்த் தளங்களின் குறைகளுள் இதனையே தலையாயதாகக் கருதுகிறேன். ஏனெனில் தளத்தை நடத்துவோர் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. தமிழுக்குத் தனி முகவரி தருவதே இதற்குத் தீர்வு. அம்முகவரி தளப்பெயருக்குப் பின் ஓர் உட்கோப்புறையாக இருக்கலாம், தனித் துணைத்தளமாகவும் இருக்கலாம். வாசகர் இருக்கும் நாட்டைக் கண்டு தானாக வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுதலும் இதே கேட்டை விளைவிக்கும்.

இரண்டாவது, கலப்பு. தமிழ்ப் பக்கமாயினும் மேற்பட்டி, பக்கப்பட்டி, அடிக்குறிப்பு, பதிப்புரிமை வாசகம் அனைத்தும் ஆங்கிலத்தில். இடையில் இரண்டு பத்தி தமிழ். அல்லது ஒரு பத்தி தமிழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் மாறிமாறி வரும் இருமொழிப் பக்கம். இவ்வாறு அடுத்தடுத்து மொழிபெயர்ப்பு தருதலைத் தவிர்க்குமாறு கூகுள் கூறுகிறது. செவ்விலக்கிய உரைகளை மூலமும் மொழிபெயர்ப்புமாக எதிரெதிரே அச்சிடும் மரபு நமக்கு உண்டு, அதனைக் கைவிடவேண்டியதில்லை. அத்தகைய பக்கத்தோடு மூலம் மட்டும் அமைந்த பக்கம் ஒன்றையும் வைத்தால் போதும்.

மூன்றாவது, எழுத்துமுறை வேறுபாடு. கனடாவின் பெருநகரை இலங்கைத் தமிழர் ‘ரொறன்ரோ’ என்பர். தமிழ்நாட்டு இதழ்கள் ‘டொராண்டோ’ என எழுதும். ‘நோர்வே’ ஒருவருக்கு, ‘நார்வே’ மற்றவருக்கு. ‘சுவிற்சர்லாந்து’, ‘சுவிட்சர்லாந்து’ என்பனவும் அவ்வாறே. உரையைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் தேடலுக்கு இவை தொடர்பற்ற இரு சொற்கள். கூகுள் போன்றவை இவற்றை ஒன்றெனக் கண்டுகொள்ளும் என்று உறுதியாக நம்பியிருக்கவும் இயலாது. ‘டிஏ-எல்கே’ என்று அறிவித்துவிடுவதால் இடைவெளி நிரம்பாது. தேடுபவர் எழுதும் வடிவம் பக்கத்தின் உரையில் ஓரிடத்திலேனும் இருக்கவேண்டும். இரு வடிவங்களையும் முதல் வழக்கில் சேர்த்துக் கூறுவது நடையைக் கெடுக்காது.

மாற்றுப் பக்கங்களை இணைத்தல்

தனி முகவரிகள் அமைந்தபின், ஒரே செய்தியின் பல மொழி வடிவங்கள் இவை என்று தேடுபொறிக்கு உணர்த்தவேண்டும். இதற்காக 2011இல் கூகுள் ஏற்படுத்தியது ‘எச்ரெஃப்லாங்’ என்னும் இணைப்புக்குறிப்பு. முன்னர்க் கண்ட ‘லாங்’ தன் பக்கத்தின் மொழியைக் கூறும். ‘எச்ரெஃப்லாங்’ இணைக்கப்படும் பக்கத்தின் மொழியைக் கூறும். பெயரொற்றுமையால் இரண்டையும் ஒன்றாகக் கருதுவோர் பலர்.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என நான்கும் அங்கு ஆட்சிமொழிகள். நான்கு மொழிகளிலும் வெளியாகும் ஓர் அறிவிப்புக்கு நான்கு முகவரிகள். ஒவ்வொரு பக்கமும் தன்னையும் பிற மூன்றையும் பட்டியலிடவேண்டும். ஆக நான்கு பக்கங்களில் பதினாறு குறிப்புகள். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்ட, ஆங்கிலப் பக்கம் தமிழ்ப் பக்கத்தைத் திரும்பச் சுட்டாவிடின் அவ்விணைப்பு புறக்கணிக்கப்படும். பிறர் பக்கத்தைத் தம்முடையதன் மாற்று என்று எவரும் உரிமை கொண்டாடாதிருக்கவே இவ்விதி. எம்மொழிக்கும் பொருந்தாத வாசகருக்குக் காட்டவேண்டிய பக்கத்தை ‘எக்ஸ்-டிஃபால்ட்’ என்னும் குறியீட்டால் சுட்டலாம். இது 2013இல் சேர்க்கப்பட்டது. பக்கங்கள் மிகுந்த தளங்களில் இவற்றைக் கையால் எழுதுவது நடவாது. தளவரைபடக் கோப்பில் நிரல்வழி உருவாக்குவதே முறை.

இவ்விணைப்பு தமிழ்ப் பக்கத்தின் தரவரிசையை உயர்த்துவதில்லை. ஆங்கிலப் பக்கம் தேடலில் வரும் இடத்தில், தமிழில் தேடும் வாசகருக்குத் தமிழ்ப் பக்கத்தை மாற்றிக் காட்டுவதற்கு உதவுகிறது. தேடல் மேம்பாட்டுத் தொழிலர் இதனை மிகைப்படுத்திக் கூறுவதுண்டு.

அறிவிப்பை நம்பியிருப்போர்

கூகுள் படிக்காத ‘லாங்’ அறிவிப்பை எவர் படிக்கின்றனர்? உலாவி எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவும், சொற்பிழை திருத்தியை முடுக்கவும், வரியிறுதியில் சொல்லைப் பிரிக்கவும் அதனைப் பார்க்கிறது. இவற்றை விரைந்து கடந்து திரைபடிப்பான்களுக்கு வருகிறேன்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான், பக்கத்தின் மொழி அறிவிப்பைக் கொண்டு எக்குரலால் படிப்பதென்று முடிவு செய்கிறது. தமிழ்ப் பக்கம் ‘இஎன்’ என அறிவிக்கப்பட்டிருப்பின் ஆங்கிலக் குரல் அதனைப் படிக்கத் தொடங்கும். கருவிக்குக் கருவி விளைவு மாறும்: சில, தமிழெழுத்துகளை விட்டுவிட்டு இடையிலுள்ள எண்களை மட்டும் படிக்கும், சில, ஒவ்வோர் எழுத்தின் யூனிகோடுப் பெயரையும் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும். எழுத்தைக் கண்டு குரலைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவிகளும் இன்று உள. அவையும் இடறும் ஓர் இடம் எண்கள். எண்ணுருக்களுக்கு எழுத்துமுறை அடையாளம் இல்லை; ‘1966’ என்பது எம்மொழிக்கும் பொது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்த ஆண்டைக் கூறும் அவ்வெண், ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு’ என ஒலிப்பதா ‘நைன்டீன் சிக்ஸ்டி சிக்ஸ்’ என ஒலிப்பதா என்பதைத் தீர்மானிக்கக் கருவிக்கு அறிவிப்பைத் தவிர வேறு உறுதியான சான்றில்லை.

உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008 திசம்பரில் வெளியிட்ட அணுகல்தன்மை நெறிகளின் இரண்டாம் பதிப்பில், பக்கத்தின் மொழியை அறிவித்தல் அடிப்படை நிலையாகிய ‘ஏ’ நிலைக்கு உரியது. பக்கத்தின் பகுதிகளுடைய மொழியை அறிவித்தல் ‘ஏஏ’ நிலைக்கு உரியது. இடுபெயர்கள், கலைச்சொற்கள், சூழ்ந்த மொழியில் கலந்துவிட்ட சொற்கள் ஆகியவற்றுக்கு இரண்டாவதிலிருந்து விலக்கு உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அரசுசார் அமைப்புகளும் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் கொண்ட நிறுவனங்களும் 2021 சனவரி 1 முதல், சில விலக்குகளோடு, ‘ஏஏ’ நிலையைப் பின்பற்றவேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டு நெறிமுறையும் பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு விதிகளும் பொதுத்துறை அமைப்புகளுக்கு இத்தகைய கடமையை விதிக்கின்றன. தமிழ்த் தொகுப்புகளை வைத்துள்ள பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் இவ்வெல்லைகளுக்குள் வருவன. தமிழ்ப் பகுதிகளை அறிவிக்குமாறு கேட்கும் வாசகர் சலுகை கேட்கவில்லை.

நூலகப் பட்டியல்

நூலகப் பட்டியலில் இச்சிக்கல் தனி வடிவம் கொள்கிறது. மார்க் பதிவின் 008 புலத்தில் 35 முதல் 37 வரையுள்ள இடங்களில் நூலின் மொழி ‘டிஏஎம்’ எனப் பதியப்பட்டிருக்கும். தலைப்பு அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரசு நூலகமும் வகுத்த உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் இருக்கும். 880 புலம் நிரப்பப்பட்டிருப்பின் தமிழெழுத்திலும் இருக்கும். நூல் தமிழ் என்பதைப் பதிவு அறியும். அப்பதிவிலிருந்து உருவாகும் வலைப்பக்கமோ ஆங்கில இடைமுகத்தின் ‘இஎன்’ அறிவிப்பையே முழுவதற்கும் அளிக்கும். பட்டியலாளர் ஒருவர் அறிந்து பதிந்த செய்தி, வாசகரை அடையுமுன் வார்ப்புருவில் தொலைந்துபோகிறது. இதனை மீட்பது கடினமன்று: 880 புலத்திலுள்ள தமிழெழுத்துத் தலைப்பைச் சூழ்ந்து ‘டிஏ’ எனவும், எழுத்துப்பெயர்ப்பைச் சூழ்ந்து ‘டிஏ-லாட்ன்-ஏஎல்ஏஎல்சி97’ எனவும் வார்ப்புரு எழுதவேண்டும். பிற்குறிப்பிட்டதன் கடைசி உறுப்பு அவ்விரு நூலகத்தாரின் 1997ஆம் ஆண்டு எழுத்துப்பெயர்ப்பு முறைக்கென்றே பதிவேட்டில் இடம்பெற்றது. மென்பொருள் வழங்குநரிடம் இதனைக் கோருவது நூலகத்தாரின் கையில் உள்ளது.

எழுத்துப்பெயர்ப்பு மட்டுமே உள்ள பழைய பதிவுகளுக்கு அறிவிப்பு துணைநிற்காது. எழுத்துப்பெயர்ப்பில் ல, ள, ழ மூன்றும் ஒரே உரோமன் எழுத்தின்மேல் வெவ்வேறு துணைக்குறிகளால் பிரிக்கப்படுகின்றன. தேடுபெட்டி அத்துணைக்குறிகளை நீக்கிவிட்டு ஒப்பிடும்போது ‘வால்’, ‘வாள்’, ‘வாழ்’, ‘வல்’ நான்கும் ஒன்றாகின்றன. தமிழில் தட்டச்சு செய்து தேடுபவருக்கோ ஒன்றும் கிடைப்பதில்லை. நூல் அடுக்கில் இருக்கிறது. கேட்டவருக்கு இல்லை என்ற விடை போகிறது. இப்பதிவுகளுக்குத் தமிழெழுத்துப் புலத்தைச் சேர்த்தல் பொருட்செலவுள்ள பணி. துணைக்குறிகள் முறையாக இடப்பட்டிருப்பின் அதன் பெரும்பகுதியை நிரல்வழிச் செய்து மனிதர் சரிபார்க்கலாம் என்பதே ஆறுதல்.

பழைய எழுத்துருப் பக்கங்களும் பி.டி.எஃப். கோப்புகளும்

யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றது. ஆயினும் பொதுமக்களின் கணினிகளில் அது பயன்பாட்டுக்கு வந்தது விண்டோசு 2000க்குப் பின்னரே. இடைப்பட்ட காலத்தில் புலம்பெயர்ந்தோர் நடத்திய இதழ்களும் செய்தித்தளங்களும் பாமினி போன்ற எழுத்துருக்களில் வெளிவந்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதுவது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகள். எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்குப் பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவை. யூனிகோடிலும் அச்சொல் ஐந்து குறிகளே: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. ஆயினும் அவை ஐந்தும் தமிழின் குறிகள். பாமினிப் பக்கத்தில் ‘டிஏ’ என அறிவித்தால் தேடலில் எதுவும் மாறாது. தமிழ்க்குரலில் திரைபடிப்பான் உளறும், அவ்வளவே. இங்கு மாற்றவேண்டியது உரையை. மாற்று நிரல்கள் நெடுநாளாகக் கிடைக்கின்றன. குறைவாக இருப்பது பழைய கோப்புகளைத் தேடிப் பெற்று அதனைச் செய்வோரே. தொண்ணூறுகளின் புலம்பெயர் வாழ்வை ஆராய விரும்புவோருக்கு அவை முதன்மைச் சான்றுகள்.

மாநாட்டுத் தொகுதிகளும் இவ்வகையில் விலக்கல்ல. இவை பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்பாகவே இணையத்தில் இடப்படுகின்றன. அக்கோப்புக்கும் மொழி அறிவிப்பு உண்டு. 2001இல் வந்த 1.4ஆம் பதிப்பிலிருந்து அதனை ஆவண அளவிலும் பகுதி அளவிலும் இடலாம். ஆனால் அதற்குமுன் பார்க்கவேண்டியது, கோப்பிலிருந்து உரை ஒழுங்காக வெளிவருகிறதா என்பது. அச்சில் எழுத்துகள் நிற்கும் வரிசையும் யூனிகோடில் அவை சேமிக்கப்படும் வரிசையும் வேறானவை. ஒற்றைக்கொம்பு அச்சில் மெய்க்கு முன் நிற்கும். சேமிப்பில் பின் வரும். கோப்பு உருவாக்கத்தில் இது கவனிக்கப்படாவிடின், ‘தொகுதி’ என்னும் சொல் பிரித்தெடுக்கும்போது ‘ெதாகுதி’ என்று வெளிப்படும். அச்சொல்லைத் தேடுவோர் அக்கோப்பை அடையமாட்டார். கோப்பைத் திறந்து ஒரு பத்தியைப் படியெடுத்து வேறோர் ஆவணத்தில் ஒட்டிப் பார்த்தல் ஒரு நிமிடச் சோதனை. பதிப்பாசிரியர்கள் அச்சகத்திலிருந்து கோப்பைப் பெற்றுக்கொள்ளும்போதே இதனைச் செய்யலாம். தமிழிலும் ஆங்கிலத்திலுமாகக் கட்டுரைகள் கலந்த தொகுதியை ஒரே கோப்பாக ஏற்றுவதைவிட, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரியும், அதன் தலைப்பும் சுருக்கமும் கட்டுரையின் மொழியிலேயே அமைந்த ஓர் அறிமுகப் பக்கமும் தருவது நன்று. அப்பக்கத்தின் முதற்குறியில் ‘டிஏ’ என்றோ ‘இஎன்’ என்றோ உள்ளபடி அறிவிக்கலாம்.